ஆறு பேரில் நான்காவது: நரேன் கார்த்திகேயனை எப்படி எடை போடுவது?

போன மாதம் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளைக்குப் பெருந்துறை பக்கத்தில் விசைத்தறி. பையனுக்குப் பதினொரு வயசு. இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், பையனைக் காரில் ஏற்றிக்கொண்டு செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குக் கிளம்பிவிடுவார். அங்கே வாடகைக்குக் கார்ட் எடுத்து ஓட்டுகிறான். கார்ட் என்றால் கூரை, கதவு எதுவும் இல்லாத, தரையோடு தரையாக ஓடும் சின்ன பந்தய வண்டி.

சாப்பிட்டு முடித்துத் திண்ணையில் உட்கார்ந்தபோது கேட்டார். "ஏனுங் மச்சான், நீங்க கம்ப்யூட்டர்ல கணக்குப் போடறவங்க. பார்த்துச் சொல்லுங்க, நம்ம பையன் தேறுவானுங்களா? தேறுவான்னா ரோட்டோரத்துல இருக்கற சைட்டைக் குடுத்துட்டு வெளிநாட்டுக்கு அனுப்பிரலாம்னு இருக்கேனுங்க."

தங்கச்சி ஒன்றும் பேசவில்லை. டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த சைட் எங்கள் அப்பா அவளுக்குக் கொடுத்தது.

வேலையில் நான் நிறைய இன்டர்வியூ எடுத்திருக்கிறேன். கல்லூரி முடித்து வரும் பையன்களுக்கு மார்க் போட்டு, எடுக்கலாம், வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன். எத்தனை தடவை தப்பாகிப் போயிருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். அதனால் மாப்பிள்ளைக்கு உடனே பதில் சொல்லவில்லை. ஆனால் நம்ம பக்கத்துப் பையன் ஒருவர் இதே பாதையில் கடைசிவரை போயிருக்கிறார். அவருடைய ஒவ்வொரு பந்தயத்துக்கும் பதிவு இருக்கிறது. கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயன். சின்ன வயதில் அவரை யாராவது எடை போட்டிருந்தால் எதைப் பார்த்துப் போட்டிருக்க வேண்டும்? இந்தக் கேள்வியோடு மூன்று வாரம் உட்கார்ந்ததில் சேர்ந்ததுதான் இந்தப் பதிவு.

2005, ஒரு ஞாயிறு இரவு

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

2005 ஜூன் 19. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் ஃபார்முலா ஒன் பந்தயம். நமக்கு இரவு பதினொன்றரை மணி. நான் அப்போதுதான் பிஇ முடித்து வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அறையில் நாலு பேர், ஒரு பழைய டிவி. ஜோர்டான் அணியின் மஞ்சள் காரில் நரேன்.

வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் ரால்ஃப் ஷூமாக்கரின் டயர் போய், கார் சுவரில் மோதியிருந்தது. மிஷலின் நிறுவனம், தங்கள் டயர்கள் அந்தத் தளத்தின் சாய்வான கடைசி வளைவைத் தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்று அறிவித்துவிட்டது. பேச்சுவார்த்தை எதுவும் பலிக்கவில்லை. பந்தயத்துக்கு முந்தைய அணிவகுப்புச் சுற்று முடிந்ததும் மிஷலின் டயர் போட்ட 14 கார்களும் வரிசையாகப் பிட்டுக்குள் திரும்பிவிட்டன. மிச்சம் நின்றவை பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஆறு கார்கள்: இரண்டு ஃபெராரி, இரண்டு ஜோர்டான், இரண்டு மினார்டி. கூட்டம் தளத்துக்குள் பாட்டில் வீசியது.

மைக்கேல் ஷூமாக்கர் முதலில் வந்தார், பாரிக்கெல்லோ இரண்டாவது. நரேனின் சக ஓட்டுநர் தியாகோ மொன்டெய்ரோ மூன்றாவது. நரேன் நான்காவது. ஐந்து புள்ளிகள். ஃபார்முலா ஒன்னில் ஓர் இந்தியர் முதன்முதலாக எடுத்த புள்ளிகள் அவை.

மறுநாள் ஆபீஸில் நான் அடித்த ஜோக்: "ஆறு பேர்ல நாலாவது வந்தா ரேங்க் கார்டுல கையெழுத்தே போட மாட்டாங்க." எல்லோரும் சிரித்தார்கள். பல வருஷம் அதே ஜோக்கைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த முடிவை வைத்து அவரைப் புகழ்வது எவ்வளவு தப்போ, கேலி செய்வதும் அவ்வளவே தப்பு. அன்றைக்கு நடந்ததில் ஓட்டுநரின் திறமையைப் பற்றிய தகவல் கிட்டத்தட்ட ஒன்றுமே கிடையாது. புரோகிராம் எழுதுகிறவர்களுக்குப் புரியும்படி சொன்னால், சென்சார் கெட்டுப்போன நாளில் எடுத்த ரீடிங். அதை ஒதுக்கிவைத்துவிட்டு மற்ற ரீடிங்குகளைப் பார்க்க வேண்டும். நான் பார்க்கவே இல்லை. இப்போது பார்க்கலாம்.

முதல் படி கோவையில் செய்தது

நரேன் பிறந்தது 1977 ஜனவரி 14. அப்பா ஜி. ஆர். கார்த்திகேயன் ராலி ஓட்டுநர், தேசிய சாம்பியனாக இருந்தவர். தென்னிந்திய ராலியை ஏழு முறை ஜெயித்தவர். எஸ். கரிவர்தன் நெருங்கிய உறவினர். இந்தக் கரிவர்தனைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். செட்டிபாளையம் தளத்தின் பெயரில் இருக்கும் 'கரி' அவர்தான். அங்கே கார்ட் ஓட்டும் பொடியன்களில் பாதிப் பேருக்கு அது ஒரு மனிதரின் பெயர் என்றே தெரியாது.

அதற்கு முன் இந்தியாவில் கார் பந்தயம் என்றால் சென்னைக்கு வடக்கே சோழவரம். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம். அங்கே ஓடியவை வெளிநாட்டிலிருந்து வந்த பழைய பந்தயக் கார்களும், உள்ளூர்க் கார்களைப் பிரித்து மாற்றிக் கட்டியவையும்தான். இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இருந்த காலம். வெளிநாட்டுக் கார் வைத்திருப்பவர் முன்னால் போவார், இல்லாதவர் பின்னால் வருவார். யார் நல்ல ஓட்டுநர் என்று அதிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது?

கோவை மில் குடும்பத்தில் வந்த கரிவர்தன் இந்த முடிச்சை 1980களின் கடைசியில் அவிழ்த்தார். அப்போது இந்தியச் சாலை எங்கும் ஓட ஆரம்பித்திருந்த மாருதி 800 காரின் எஞ்சினை எடுத்தார். அதை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை இங்கேயே வடிவமைத்துக் கட்டினார். பெயர் ஃபார்முலா மாருதி. எல்லோருக்கும் ஒரே மாதிரி கார், ஒரே எஞ்சின், விலையும் குறைவு. மில்லுக்கு உதிரிபாகம் கடைந்து, பம்புக்கு வார்ப்பு ஊற்றிப் பழகிய ஊர் கோயமுத்தூர். லேத்தும் வெல்டிங்கும் தெருவுக்குத் தெரு இருக்கும் இடத்தில் இது நடந்தது தற்செயல் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

மலிவான கார் என்பது இதில் பாதிதான். மற்ற பாதி, எல்லோருக்கும் ஒரே கார் என்பது. எல்லோரும் ஒரே வண்டியில் ஓடினால்தான் வித்தியாசம் ஆளிடம் இருப்பது தெரியும். அதாவது, கரிவர்தன் கட்டியது ஒரு பந்தயக் கார் மட்டும் இல்லை, ஒரு அளவுகோலும்கூட. 1990இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தளம் வந்தது. ஓடுவதற்கு இடமும் ஆயிற்று.

நரேன் தன் முதல் பந்தயத்தை ஓட்டியது அந்த ஃபார்முலா மாருதியில்தான். முதல் பந்தயத்திலேயே மேடை ஏறினார். 1995இல் கரிவர்தன் விமான விபத்தில் இறந்துபோனார். அவர் கட்டிய முதல் படியில் ஏறிய பையன் ஃபார்முலா ஒன்வரை போனதை அவர் பார்க்கவில்லை.

அதற்கு மேல் படிகள் இங்கே இல்லை

ஃபார்முலா மாருதிக்கு மேல் இந்தியாவில் அப்போது படியே இல்லை. அடுத்த படி ஐரோப்பாவில். வரிசையாகப் பாருங்கள்.

1992: பிரான்சின் எல்ஃப் வின்ஃபீல்ட் பந்தயப் பள்ளி. அங்கே நடக்கும் பைலட் எல்ஃப் போட்டியில் அரையிறுதி. அலென் புரோஸ்ட் 1975இல் ஜெயித்து மேலே வந்த அதே போட்டி.

1993: இந்தியாவில் ஃபார்முலா மாருதி. பிரிட்டனில் ஃபார்முலா வாக்ஸால் ஜூனியர்.

1994: பிரிட்டனில் ஃபார்முலா ஃபோர்டு. குளிர்காலத் தொடரில் சாம்பியன். ஐரோப்பாவில் ஒரு இந்தியர் வென்ற முதல் சாம்பியன்ஷிப் இது.

1995, 1996: ஃபார்முலா ஏஷியா. 1996இல் சாம்பியன்.

1997: மறுபடி பிரிட்டன், ஃபார்முலா ஓப்பல். டோனிங்டன் பார்க்கில் வெற்றி.

1998 முதல் 2000 வரை: பிரிட்டிஷ் ஃபார்முலா த்ரீ.

இதில் 1995, 1996ஐக் கவனியுங்கள். பிரிட்டனில் ஒரு தொடரை ஜெயித்த பையன் ஏன் ஆசியாவுக்குத் திரும்ப வேண்டும்? ஆசியத் தொடரில் ஒரு வருஷம் ஓட ஆகும் செலவு ஐரோப்பாவை விடக் குறைவு. சாம்பியன் பட்டமும் கிடைத்தது, நல்லதுதான். ஆனால் அந்த இரண்டு வருஷமும் ஐரோப்பாவில் அவருடைய வயதுப் பையன்கள் அடுத்த அடுத்த வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 1994இல் விட்ட இடத்தை 1997இல் மறுபடி பிடிக்க வேண்டியிருந்தது.

1999ஆம் வருஷத்து வகுப்பு

ஓட்டுநரை மதிப்பிட ஃபார்முலா த்ரீ மாதிரி நல்ல பரீட்சை அந்தக் காலத்தில் வேறு இல்லை. எல்லோருக்கும் ஒரே அளவு எஞ்சின், பெரும்பாலும் ஒரே கம்பெனியின் அடிச்சட்டம். அயர்டன் சென்னா, மிக்கா ஹக்கினென் எல்லோரும் பிரிட்டிஷ் ஃபார்முலா த்ரீ சாம்பியன்களாக இருந்து வந்தவர்கள்தான்.

1999 தொடரின் முடிவு: முதல் இடம் மார்க் ஹைன்ஸ். இரண்டாவது லூசியானோ புர்ட்டி. மூன்றாவது ஜென்சன் பட்டன். நரேன் ஆறாவது. கார்லின் அணிக்காக ஓடி பிராண்ட்ஸ் ஹேட்சில் இரண்டு வெற்றி.

இப்போது கொஞ்சம் யோசியுங்கள். நீங்கள் ஒரு அணியின் முதலாளி. இந்தப் பட்டியலில் யாரை எடுப்பீர்கள்? நான் என்றால் சாம்பியனைத்தான் எடுத்திருப்பேன். வில்லியம்ஸ் அணி மூன்றாவது வந்தவரைக் கூப்பிட்டது. 2000 ஜனவரியில் புரூனோ ஜுன்கெய்ராவோடு ஓடவிட்டுப் பார்த்து, பட்டனுக்கு இடம் கொடுத்தது. அப்போது அவருக்கு 20 வயது. 2009இல் அவர் உலக சாம்பியன். முதலாவது வந்த ஹைன்ஸ் ஒரு ஃபார்முலா ஒன் பந்தயம்கூட ஓடியதில்லை.

மூன்றாவது இடத்துக்குள் வில்லியம்ஸ் எதைப் பார்த்தது? பட்டன் எட்டு வயதில் கார்ட் ஓட்ட ஆரம்பித்தவர். 1991இல் பிரிட்டனின் சிறுவர் கார்ட் தொடரில் 34 பந்தயத்தையும் ஜெயித்தவர். ஆனால் கார் பந்தயத்தில் 1999 அவருக்கு இரண்டாவது வருஷம்தான். அதுவும் அந்தக் காலத்தில் பலமாக இருந்த முகென் ஹோண்டா எஞ்சின் இல்லாமல் ரெனோ எஞ்சினோடு ஓடினார். இவ்வளவு குறைந்த அனுபவத்தில், இந்த வண்டியில் இவ்வளவு என்றால், மேலே இன்னும் எவ்வளவு என்பதுதான் அங்கே போட்ட கணக்கு. இன்று எங்கே நிற்கிறான் என்பது ஒரு எண். எவ்வளவு வேகமாக ஏறி வருகிறான் என்பது வேறு எண்.

இந்தக் கணக்கை நரேனுக்குப் போட்டால் என்ன வரும்? பட்டனைவிட மூன்று வயது மூத்தவர், கார் அனுபவமும் அதிகம், ஆனாலும் ஆறாவது. அதைப் பார்த்தால் பட்டன் மேல். ஆனால் பட்டனுக்கு எட்டு வயதில் தொடங்கிய பழக்கம் நரேனுக்குப் பதினைந்து வயதுக்கு மேல்தான் தொடங்கியது. வாரம் தவறாமல் ஓடிப் பழகும் சிறுவர் கார்ட் தொடர் அன்று இந்தியாவில் இல்லை. ஏழு வருஷம் ஸ்டியரிங்கைப் பிடிக்காமலே போய்விட்டது. அப்படியானால் பட்டனோடு ஒப்பிடுவது சரியான ஒப்பீடே இல்லை. நரேனைப் போலவே தாமதமாகத் தொடங்கிய ஒருவர் வேண்டும்.

அப்படி ஒருவர் இருந்தார்.

இரண்டு வாரம் இளையவர்

தகுமா சாட்டோ, ஜப்பான். பிறந்தது 1977 ஜனவரி 28. நரேனைவிட இரண்டு வாரம் இளையவர். சின்ன வயதில் கார்ட் ஓட்டி வளர்ந்தவர் இல்லை, சைக்கிள் பந்தய வீரர். இருபது வயதில்தான் கார் பக்கம் திரும்பினார். தொடங்கிய வயதில் நரேனைவிடவும் தாமதம்.

2000 பிரிட்டிஷ் ஃபார்முலா த்ரீ முடிவு: அன்டோனியோ பிட்சோனியா, தாமஸ் ஷெக்டர், மூன்றாவது சாட்டோ, நான்காவது நரேன். அதே வருஷம் கொரியா சூப்பர் பிரியை நரேன் ஜெயித்தார். பக்கத்துப் பக்கத்து இடம், ஒரே வயது. சாட்டோ ஓடியதுகூட அதற்கு முன் நரேன் இருந்த கார்லின் அணியில்தான்.

நேர்மையாகச் சொன்னால், இந்த ஒப்பீட்டிலும் சாட்டோ ஒரு கை மேலே. நரேனுக்கு அது ஃபார்முலா த்ரீயில் மூன்றாவது வருஷம், சாட்டோவுக்கு அந்த வகுப்பில் முதல் முழு வருஷம். ஆனால் இருவரும் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றார்கள். அடுத்த வருஷம்தான் பாதை பிரிகிறது.

2001இல் சாட்டோ அதே தொடரில், அதே அணியில் இன்னொரு வருஷம் ஓடினார். சாம்பியன் ஆனார். மக்காவ் பந்தயத்தையும் ஜெயித்தார். 2002இல் ஜோர்டான் ஹோண்டா காரில் ஃபார்முலா ஒன். நரேன் 2001இல் ஜப்பானின் ஃபார்முலா நிப்பானுக்குப் போனார். நடுவில் ஜூன் 14 அன்று சில்வர்ஸ்டோனில் ஜாகுவார் அணியின் காரை ஓட்டிப் பார்த்தார். ஃபார்முலா ஒன் காரை ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். பிறகு ஜோர்டான் காரையும் ஓட்டினார். அக்டோபரில் இத்தாலியின் முஜெல்லோ தளத்தில் அந்த அணியின் ஜான் அலேசிக்கு அரை நொடி பின்னால் நேரம் எடுத்தார். அலேசி அப்போது ஃபார்முலா ஒன்னில் 200 பந்தயம் ஓடியவர். அந்தக் காரில் பழகாத ஒருவருக்கு அரை நொடி என்பது கேவலமான எண் இல்லை.

ஆனால் ஜோர்டானின் அடுத்த வருஷத்து இடம் சாட்டோவுக்கு.

ஏன்? திறமை ஒரு காரணம், மேலேயே சொன்னேன். இன்னொரு காரணம் எஞ்சினின் மேல் எழுதியிருக்கிறது: ஹோண்டா. சாட்டோ நுழைந்ததே ஹோண்டாவோடு சேர்ந்த சுசூக்கா பந்தயப் பள்ளியின் உதவித்தொகை வழியாக. சைக்கிள் ஓட்டிய பையனை எடுத்து, பயிற்சி கொடுத்து, பிரிட்டனுக்கு அனுப்பி, தப்பு செய்யவும் திருத்தவும் நேரம் கொடுத்து, கடைசியில் தன் எஞ்சின் போட்ட காரில் உட்கார வைக்க ஒரு நாட்டின் கார் கம்பெனி இருந்தது. 2005க்குப் பிறகு அவருக்கு இடம் இல்லாதபோது, ஹோண்டாவின் துணையோடு சூப்பர் அகுரி என்று ஒரு அணியே முளைத்தது.

நரேனுக்கு இருந்தது குடும்பமும், தேடிப்பிடித்த விளம்பரதாரர்களும். டாடா பின்னால் வந்து தோள் கொடுத்தது. நிஸான் எஞ்சின் கார்கள் ஓடிய உலகத் தொடரில் டாடா பெயரோடு ஓடி, 2003இல் இரண்டு பந்தயம் ஜெயித்து நான்காவது வந்தார். மினார்டியில் ஃபார்முலா ஒன் இடம் கிடைப்பதாக இருந்தது. கேட்ட பணம் திரளவில்லை. 2004 போயிற்று. 2005 மார்ச் 6, மெல்போர்னில் முதல் பந்தயம் தொடங்கியபோது வயது 28. பட்டனுக்கு அது ஆறாவது வருஷம். மூன்று வயது இளையவர்.

2005ஐ மறுபடி படித்தால்

ஃபார்முலா ஒன்னில் ஓட்டுநரை அளக்கப் பழைய விதி ஒன்று உண்டு: ஒரே காரில் ஓடும் சக ஓட்டுநரோடு ஒப்பிடு. மற்ற எல்லாரோடும் ஒப்பிட்டால் நீ அளப்பது காரை.

மொன்டெய்ரோவும் அந்த வருஷம்தான் புதிதாக வந்தார். முடிவில் அவருக்கு 7 புள்ளி, நரேனுக்கு 5. இண்டியானாபொலிஸைத் தள்ளிவிட்டால் 1க்கு 0. மொன்டெய்ரோ முதல் 16 பந்தயங்களையும் வரிசையாக முடித்தார், புதியவருக்கு அது பெரிய சாதனை. பெல்ஜியத்தில் எட்டாவது வந்த அந்த ஒரு புள்ளி உழைத்து எடுத்தது. நிதானத்தில் மொன்டெய்ரோ மேல்.

வேகத்தில்? மெல்போர்ன் தகுதிச் சுற்றில் நரேன் 12வது. அந்த வருஷத்து உலக சாம்பியன் அலோன்சோ 13வது, மொன்டெய்ரோ 14வது. ஜப்பானின் சுசூக்காவில் 11வது, அந்தக் காருக்கு அது நம்ப முடியாத இடம். இரண்டு நாளும் மழை நாள் என்பதைச் சொல்லியாக வேண்டும். அப்போது ஒவ்வொருவராகத் தனியாக ஓடும் முறை. முன்னால் ஓடியவருக்குத் தளம் ஒரு மாதிரி, பின்னால் ஓடியவருக்கு வேறு மாதிரி. சுசூக்காவில் பின்னால் ஓடிய பெரிய தலைகள் எல்லாம் கொட்டும் மழையில் மாட்டிக்கொண்டார்கள். அதிர்ஷ்டத்துக்குப் பாதி கழித்துவிடலாம். ஆனாலும் ஈரத் தளத்தில் காரைச் சுவரில் விடாமல் நேரம் எடுப்பது ஓட்டுநரின் கையில் இருக்கிறது.

என் மதிப்பீடு இது: ஒரு சுற்றில் வேகம் உண்டு, ஒரு பருவம் முழுக்க அதை நிதானமாக விரித்துப் பரப்பப் பழக்கம் போதவில்லை. பழக்கம் என்பது எட்டு வயதில் தொடங்கினால் தானாக வருவது. இருபத்தெட்டில் உலகமே பார்க்கும்போது பழக முடியாது.

சம எடைத் தராசு

ஒரே மாதிரி கார்கள் ஓடும் இடத்தில் அவர் என்ன செய்தார் என்று தேடினேன். ஏ1 ஜிபி என்று நாடுகளுக்கு இடையிலான தொடர் ஒன்று இருந்தது. எல்லா நாட்டுக்கும் ஒரே கார். 2007 டிசம்பரில் சீனாவின் ஜூஹாயில் இந்தியாவுக்காக ஜெயித்தார். 2008இல் பிராண்ட்ஸ் ஹேட்சில் மறுபடியும்.

2011 அக்டோபர் 30, நொய்டா பக்கம் புத் தளத்தில் முதல் இந்திய கிராண்ட் பிரி. எச்ஆர்டி என்ற கடைசி வரிசை அணி. நரேன் 17வது, அதே அணியின் டேனியல் ரிக்கியார்டோ 18வது. ரிக்கியார்டோ பிற்பாடு எட்டு கிராண்ட் பிரி ஜெயித்தவர். ஒரே ஒரு பந்தயம்தான், இதை வைத்துப் பெரிதாக எதுவும் நிறுவ முடியாது. ஆனால் கேலி செய்வதற்கு முன் யாராவது எனக்கு இதைக் காட்டியிருக்கலாம்.

கடைசியாக, 2019 நவம்பர் 24. ஜப்பானின் ஃபுஜி தளத்தில் ஜெர்மனியின் டிடிஎம் கார்களும் ஜப்பானின் சூப்பர் ஜிடி கார்களும் சேர்ந்து ஓடிய பந்தயம். நரேன் முதலாவது. வயது 42. தாமதமாகத் தொடங்கிய செடி தாமதமாகவும் காய்க்கிறது.

சாட்டோ? 2017இலும் 2020இலும் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தை ஜெயித்தார். 2005இல் அதே ஊரில் பிட்டுக்குள் திரும்பிய 14 கார்களில் ஒன்று அவருடையது.

நரேனுக்குப் பிறகு சென்னையின் கருண் சந்தோக் 2010இல் ஃபார்முலா ஒன் ஓட்டினார். அதற்கப்புறம் மும்பையின் ஜெஹான் தாருவாலா ஃபார்முலா டூவரை வந்து நான்கு பந்தயம் ஜெயித்தும் மேலே இடம் கிடைக்கவில்லை. இப்போது சூப்பர் லைசென்ஸ் வேண்டும், அதற்குக் கீழ்த் தொடர்களில் 40 புள்ளி சேர்க்க வேண்டும். ஒருவகையில் இது நியாயமான விதி, வெறும் பணத்தைக் கொட்டி நுழைய முடியாது. ஆனால் அந்தப் புள்ளியைச் சேர்க்கும் தொடர்களில் ஓடவே பணம்தானே வேண்டும்.

மாப்பிள்ளைக்குச் சொன்னது

பையன் தேறுவானா என்ற கேள்வியே தப்பு என்று இப்போது படுகிறது. திறமை என்பது கிணற்றுத் தண்ணீர் மாதிரி உள்ளே இத்தனை அடி இருக்கிறது, கயிறு விட்டு அளந்துவிடலாம் என்று நினைக்கிறோம். நரேன் கதையில் அப்படி எதுவும் தெரியவில்லை. எப்போது தொடங்கினான், எத்தனை நாள் ஓடினான், எந்த வண்டி, தப்பு செய்தால் இரண்டாவது வருஷம் கிடைத்ததா, இவை எல்லாம் சேர்ந்துதான் அந்த எண்ணாகிறது. ஒரு பையனுக்கு மார்க் போடும்போது அவன் ஏறிய ஏணிக்கும் சேர்த்துத்தான் மார்க் போடுகிறோம்.

அதனால் அளக்க முடிந்ததை மட்டும் அளக்கலாம் என்று போன ஞாயிறு நானும் செட்டிபாளையம் போனேன். பையன் ஒரு நோட்டு வைத்திருந்தான். ஒவ்வொரு வாரத்து நேரத்தையும் எழுதிவைத்திருக்கிறான், யாரும் சொல்லிக் கொடுக்காமல். அவனைவிட எப்போதும் முன்னால் ஓடும் ஒரு பையன் இருந்தான். அவனுடைய அப்பாவிடம் கேட்டு, இரண்டு பேரின் கார்ட்டையும் மாற்றி ஓடவிட்டோம். இடைவெளி பாதியாகக் குறைந்தது. பாதி அப்படியே நின்றது. கரிவர்தன் 35 வருஷத்துக்கு முன்னால் கண்டுபிடித்த அதே வித்தை: வண்டியைச் சமமாக்கு, அப்புறம் ஆளைப் பார்.

திரும்பி வரும்போது விஜயமங்கலம் டோல்கேட் தாண்டி மாப்பிள்ளையிடம் சொன்னேன். சைட்டைக் கொடுக்க வேண்டாம். இந்த வயதில் வெளிநாட்டில் வாங்குவதைவிட அதிகம் ஞாயிற்றுக்கிழமைகளில் வாங்கலாம். வாரம் ஒரு நாளை இரண்டு நாளாக்குங்கள். ஒரு வருஷம் நோட்டு எழுதட்டும். முன்னால் ஓடும் பையனுக்கும் இவனுக்கும் உள்ள அந்த மிச்சப் பாதி குறைகிறதா என்று பார்ப்போம். குறைந்தால் அடுத்த படி, தேசிய கார்ட் தொடர். குறையவில்லை என்றால் நல்ல பொழுதுபோக்கு, நஷ்டம் ஒன்றும் இல்லை.

"அப்ப தேறுவான்னு சொல்றீங்களா, மாட்டான்னு சொல்றீங்களா?" என்றார்.

"ஒரு வருஷம் கழிச்சுக் கேளுங்க மாப்ளே" என்றேன்.

பின் சீட்டில் பையன் தூங்கிவிட்டிருந்தான், நோட்டு மடியில். தங்கச்சிக்கு அன்று இரவே போன் செய்து சைட் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். ஆபீஸில் அந்தப் பழைய ஜோக்குக்குச் சிரித்தவர்களில் இரண்டு பேர் இன்னும் தொடர்பில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இந்தப் பதிவை அனுப்ப வேண்டும்.